ராத்திரி ஒன்பது மணிக்கும் எல்லா வீட்டுக்கும் நெட்: ஃபைபர் லைனில் பேண்ட்வித்தைப் பங்கிடுவது எப்படி

ஒரு ஓஎல்டி பெட்டியை (வீடுகளுக்குப் போகும் ஃபைபரெல்லாம் கிளம்பும், நம் பக்கம் இருக்கும் பெட்டி) வைத்து முந்நூறு நானூறு வீடுகளுக்கு நெட் கொடுக்கும் என் போன்ற லோக்கல் கேபிள்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது திருச்செங்கோடு பக்கம். எங்கள் ஆட்களில் பலர் கோஆக்ஸியல் ஒயரில் டிவி கொடுத்துக்கொண்டிருந்து, அப்புறம் ஃபைபருக்கு வந்தவர்கள். ஒயர் இழுக்கத் தெரியும், ஸ்பிளைஸ் போடத் தெரியும், பவர் மீட்டரைப் பார்த்தே எந்த ஜாயிண்டில் லாஸ் என்று சொல்லிவிடுவார்கள். இருக்கிற பேண்ட்வித்தை, அதாவது லைனின் மொத்த வேகத்தை, வீடுகளுக்குள் எப்படிப் பிரிப்பது என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். ராத்திரி எட்டரைக்கு மேல் போன் அடிக்கும்: "லைட்டெல்லாம் பச்சையாத்தான் எரியுதுங்ணா, வீடியோ மட்டும் சுத்திக்கிட்டே நிக்குது." எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. ரிக் வண்டியோடு சத்தீஸ்கர், ஒடிசா என்று போர் போடப் போனவர்கள் வீட்டுக்கு வீடியோ கால் போடும் நேரம் அதுதான்.

எங்கே நெரிகிறது?

பங்கிடுவதற்கு முன்னால் நெரிசல் எந்த இடத்தில் என்று தெரிய வேண்டும். இடம் நான்குதான்: வீட்டு வைஃபை, பான் போர்ட் (ஓஎல்டியில் ஃபைபர் சொருகும் வாய்), ஓஎல்டியிலிருந்து ரவுட்டருக்குப் போகும் அப்லிங்க், மேலே நாம் காசு கொடுத்து வாங்கும் லைன்.

வைஃபையை முதலில் கழித்துவிடுங்கள். ஓஎன்யூவில் (வீட்டில் ஃபைபர் வந்து முடியும் பெட்டி) லேப்டாப்பை ஒயரில் சொருகிப் பார்த்து, அதில் வேகம் வந்தால் பேச்சு முடிந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பழைய பெட்டியை பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கும் வீட்டுக்கு நீங்கள் என்ன பங்கிட்டாலும் பலனில்லை.

அடுத்தது பான் போர்ட். பலரும் பழியை இதன் மேல் போடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஜிபான் வகை என்றால் ஒரு போர்ட்டில் கீழ்நோக்கி 2.488 ஜிபிபிஎஸ், மேல்நோக்கி 1.244. ஸ்பிளிட்டர்கள் (ஒரு இழையின் வெளிச்சத்தைப் பல வீட்டுக்குப் பிரிப்பவை) வழியாக 64 வீடு தொங்கினாலும், அத்தனை பேரும் ஒரே நொடியில் முழுசாக இழுத்தால்கூட வீட்டுக்கு டவுன்லோடு சுமார் 38 எம்பிபிஎஸ் வரும், அப்லோடு சுமார் 19. அத்தனை பேரும் ஒரே நொடியில் இழுப்பது நடக்கிற காரியமும் இல்லை. விலை குறைவு என்று ஈபான் வகை வாங்கியவர்களுக்கு இரண்டு பக்கமும் 1 ஜிபிபிஎஸ்தான், அதாவது வீட்டுக்கு 15 சொச்சம். 200 எம்பிபிஎஸ் பிளானை அந்தப் போர்ட்டில் நிறையப் பேருக்கு விற்றிருந்தால் அங்கே இடிக்கலாம். ஜிபானில் டவுன்லோடு பக்கம் இடிப்பது அபூர்வம்.

அப்லிங்கில் இடிப்பதை நானே பல ஆபரேட்டர்களிடம் பார்த்திருக்கிறேன். எட்டு பான் போர்ட் உள்ள பெட்டி, பின்னால் 10 ஜிபிபிஎஸ் ஸ்லாட் சும்மா இருக்கும், ஆனால் சொருகியிருப்பது 1 ஜிபிபிஎஸ் எஸ்எஃப்பி மாட்யூல். மாட்யூலை மாற்றினால் தீர்ந்தது.

மிச்சம் இருப்பது வாங்கும் லைன். பெரும்பாலும் நெரிவது அங்கேதான். எல்லா இன்டர்ஃபேஸுக்கும் எஸ்என்எம்பி (பெட்டிகளிடம் டிராஃபிக் எண்ணைக் கேட்டு வாங்கும் முறை) கிராஃப் போட்டு வைத்தால், ராத்திரி கோடு மேலே ஏறி, உச்சியில் மேசை மாதிரி தட்டையாக ஓடுவது எங்கே என்று தெரிந்துவிடும். தட்டையாக இருக்கும் இடம்தான் நெரிகிற இடம். ஒரு எச்சரிக்கை: ஐந்து நிமிடச் சராசரி கிராஃப் பொய் சொல்லும். 80 சதவீதத்தில் நிற்பதாகக் காட்டும், உள்ளே நொடிக்கு நொடி முட்டிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் அந்த நேரத்தில் ரவுட்டரில் நேரடி டிராஃபிக்கைத் திறந்து பாருங்கள்.

நியாயம் என்றால் எது?

ஐந்து வீடு, 100 எம்பிபிஎஸ் லைன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் வீடியோ கால், தேவை 5. இன்னொன்றில் பையன் ஆன்லைன் வகுப்பு, 10. மூன்றாவதில் பெரிய டிவியில் படம், 25. நான்காவதில் கேம் டவுன்லோடு, 60 வந்தாலும் வாங்கிக்கொள்ளும். ஐந்தாவதில் டோரண்ட், 80 வரை இழுக்கும். மொத்தம் 180 கேட்கிறார்கள், இருப்பது 100.

கேட்டதற்குத் தக்க விகிதம் என்று பிரித்தால் டோரண்டுக்கு 44, வீடியோ காலுக்கு 2.8. கால் உடைந்துவிடும். அதிகம் கேட்டவனுக்கு அதிகம் என்ற இந்தக் கணக்கில், கொஞ்சமாகக் கேட்டவன்தான் மாட்டிக்கொள்கிறான்.

கல்யாணப் பந்தியில் பரிமாறுவது போலப் பிரிக்க வேண்டும். முதல் சுற்றில் எல்லா இலைக்கும் ஒரே அளவு. போதும் என்றவர் இலைக்கு மறுபடி வைப்பதில்லை. மிச்சத்தை இன்னும் பசி உள்ளவர்களுக்குச் சமமாக வைப்பது. முதல் சுற்றில் ஆளுக்கு 20. கால் 5 போதும் என்கிறது, வகுப்பு 10 போதும் என்கிறது. மிச்சம் 85, மூன்று வீட்டுக்கு 28 சொச்சம். படம் 25 எடுத்துக்கொண்டு ஒதுங்குகிறது. மிச்சம் 60, கேமுக்கு 30, டோரண்டுக்கு 30. முடிவில் 5, 10, 25, 30, 30. முதல் மூன்று வீடும் நெரிசல் இருந்ததையே உணராது. மேக்ஸ்-மின் என்று பாடப்புத்தகத்தில் சொல்வது இதைத்தான்.

எந்த ஏற்பாடும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? வந்த பாக்கெட்டை வந்த வரிசையில் அனுப்பும் க்யூவில், பங்கு கனெக்‌ஷன் எண்ணிக்கைப்படி போகும். டோரண்டு ஐம்பது கனெக்‌ஷன் திறக்கும், டவுன்லோடு மேனேஜர் பதினாறு திறக்கும், வீடியோ காலுக்கு இருப்பது ஒன்றோ இரண்டோ. அதனால் கனெக்‌ஷனை எண்ணக் கூடாது, வீட்டை எண்ண வேண்டும். இந்தக் குறிப்பில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மறக்காதீர்கள்.

மெயின் ரவுட்டரில்

எங்கள் பக்கம் பெரும்பாலும் மைக்ரோடிக் ரவுட்டர், பிபிபிஓஈ லாகின் (ஒவ்வொரு வீடும் யூசர்நேம் போட்டு உள்ளே வரும் முறை), ரேடியஸ் பில்லிங் (யாருக்கு எந்த பிளான் என்று ரவுட்டருக்குச் சொல்லும் சர்வர்). அதை வைத்தே சொல்கிறேன். வேறு பெட்டி என்றாலும் வழி இதுதான்.

முதல் வேலை: மொத்தத்துக்கு ஒரு பேரண்ட் க்யூ, அதாவது மற்ற க்யூ எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் தாய் வரிசை. 1 ஜிபிபிஎஸ் வாங்கினால் பேரண்டுக்கு 950 எம்பிபிஎஸ் வையுங்கள். 50 எம்பிபிஎஸ் வீணாகப் போகிறதே என்று மனசு கேட்காது. ஆனால் பாக்கெட் காத்திருக்கும் இடம் உங்கள் பெட்டிக்குள் இருந்தால்தான் யார் முன்னே யார் பின்னே என்று நீங்கள் முடிவு செய்ய முடியும். முழு 1000-ஐ விட்டால் வரிசை மேலே இருக்கிற கம்பெனியின் பெட்டியில் நிற்கும், அங்கே உங்கள் வீடுகளை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாவது: ஒவ்வொரு பிபிபிஓஈ யூசருக்கும் அந்தப் பேரண்டுக்குக் கீழே ஒரு க்யூ. பிபிபி ப்ரொஃபைலிலேயே பேரண்ட் க்யூ, க்யூ டைப் இரண்டையும் சொல்லிவிடலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண்: லிமிட்-அட் என்பது நெரிசலிலும் கிடைக்கும் உறுதி, மேக்ஸ்-லிமிட் என்பது பிளானின் உச்சம். பலர் மேக்ஸ்-லிமிட்டை மட்டும் போட்டுவிட்டு பங்கிட்டாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது பங்கு ஆகாது, தடுப்பு மட்டும்தான். முந்நூறு வீட்டுக்கு 50 என்று தடுப்பு போட்டால் கூட்டுத்தொகை 15,000, லைனோ 1000.

உறுதி எவ்வளவு? 300 வீடு 50 பிளான், 60 வீடு 200 பிளான் என்று வையுங்கள். சின்ன பிளானுக்கு 2 எம்பிபிஎஸ், பெரிய பிளானுக்கு 4. மொத்தம் 600 கூட்டல் 240, ஆக 840. பேரண்டின் 950-க்குள் அடங்குகிறது, சரி. அடங்காவிட்டால் அந்த உறுதிக்கு அர்த்தமே இல்லை. 200 பிளான்காரருக்கு ஏன் நாலு மடங்கு தரவில்லை என்று கேட்கலாம். அவர் பணமும் நாலு மடங்கு தரவில்லை. நெரிசல் நேரத்தில் எடை பணத்தோடு ஒட்டி இருக்கட்டும், மற்ற நேரத்தில் 200 முழுசாக ஓடட்டும் என்பது என் கட்சி.

யாரும் இல்லாத நேரத்தில் உறுதி சும்மா கிடக்குமோ என்ற பயம் வேண்டாம். பயன்படுத்தாத பங்கு தானாக அடுத்த வீட்டுக்குப் போகும். அப்படிப் போகாத ஏற்பாடு எதையும் வைக்காதீர்கள்.

ரேடியஸில் ரேட்-லிமிட் எழுதும்போது முதலில் வரும் எண் வாடிக்கையாளரின் அப்லோடு, இரண்டாவதுதான் டவுன்லோடு. ரவுட்டரின் கண்ணிலிருந்து பார்த்து எழுதியிருப்பதால் இப்படி. அந்த வரியின் கடைசியில் குறைந்தபட்ச வேகத்துக்கும் இடம் உண்டு, லிமிட்-அட் அங்கே போகும்.

மூன்றாவது, க்யூ டைப். மைக்ரோடிக்கின் சாஃப்ட்வேர் ரவுட்டர்ஓஎஸ் 7 என்றால் எஃப்க்யூ-கோடெல் இருக்கிறது. ஆர்எஃப்சி 8290 என்று 2018-இல் வெளியான முறை. இது ஒரு வீட்டுக்குள் ஓடும் கனெக்‌ஷன்களைப் பிரித்து, டவுன்லோடுக்குப் பின்னால் வீடியோ காலின் பாக்கெட் மாட்டாமல் பார்த்துக்கொள்ளும். டார்கெட் 5 மில்லிசெகண்ட், இன்டர்வல் 100 என்று அதில் இருக்கும் எண்களை நோண்ட வேண்டாம். கேக் என்ற இன்னொரு க்யூ டைப் இன்னும் நன்றாகச் செய்யும், ஆனால் சிபியூ தின்னும். முந்நூறு வீட்டுக்கும் அதைப் போட்டால் சின்ன ரவுட்டர் மூச்சு வாங்கும்.

யூசருக்கு ஒரு க்யூ போடும் அளவுக்கு ரவுட்டருக்குத் தெம்பில்லை என்றால் பிசிக்யூ (அட்ரஸ் வாரியாகச் சமமாகப் பிரிக்கும் க்யூ டைப்) போதும். டவுன்லோடுக்கு டெஸ்டினேஷன் அட்ரஸ், அப்லோடுக்கு சோர்ஸ் அட்ரஸ் என்று கிளாசிஃபையர், ரேட் பூஜ்யம். அந்த நேரத்தில் எத்தனை வீடு இழுக்கிறதோ அத்தனை சமப் பங்கு. அப்லோடில், நேட் ஆவதற்கு (எல்லா வீடும் ஒரே பொது அட்ரஸுக்கு மாறுவதற்கு) முந்தைய அட்ரஸைப் பார்க்கும்படி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊரே ஒரே ஆளாகத் தெரியும். ஐபிவி6 கொடுத்தால் இதற்கு நேர் எதிரான தொல்லை: ஒரு வீட்டில் இருக்கும் ஒவ்வொரு போனும் தனி ஆளாக எண்ணப்படும், ஏழு போன் வீட்டுக்கு ஏழு பங்கு. மாஸ்கை வீட்டுக்குக் கொடுத்த ப்ரிஃபிக்ஸ் அளவுக்கு, 64 அல்லது 56, வைத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாகப் போட்டும் க்யூவில் எண்ணே ஏறவில்லை என்றால் ஃபயர்வாலில் ஃபாஸ்ட்ட்ராக் (வேகத்துக்காகக் குறுக்கு வழியில் அனுப்பும்) ரூல் இருக்கிறதா பாருங்கள். ஃபாஸ்ட்ட்ராக் ஆன கனெக்‌ஷன் சிம்பிள் க்யூவைத் தொடாமலே போய்விடும்.

அப்லோடு: ஓஎல்டியில் டிபிஏ

டவுன்லோடில் ஓஎல்டி ஒரே வெளிச்சத்தில் எல்லாருக்கும் அனுப்புகிறது, அவரவர் ஓஎன்யூ தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அப்லோடு அப்படி இல்லை. அத்தனை ஓஎன்யூவும் ஒரே இழையில், ஒரே 1310 நானோமீட்டரில் திரும்பி அனுப்ப வேண்டும். இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் இரண்டும் கெட்டது. அதனால் ஓஎல்டி நேரம் ஒதுக்குகிறது. ஓஎன்யூ "என்னிடம் இவ்வளவு காத்திருக்கிறது" என்று சொல்லும், ஓஎல்டி "இந்த இடத்தில் தொடங்கி இவ்வளவு அனுப்பு" என்று பதில் தரும். ஜிபானில் ஃபிரேம் 125 மைக்ரோசெகண்ட், அதாவது நொடிக்கு 8000 முறை. டிபிஏ என்பது இந்த ஒதுக்கீடுதான்.

ஈபானுக்கு இதை எப்படிச் செய்யலாம் என்று கிளென் க்ரேமர், பிஸ்வநாத் முகர்ஜி முதலானோர் 2002-இல் ஐபேக்ட் என்ற முறையை எழுதினார்கள். அதில் எனக்குப் பிடித்த வகை: கேட்டதைக் கொடு, ஆனால் ஒரு சுற்றில் ஒரு வீட்டுக்கு இதற்கு மேல் கிடையாது. பேராசைக்காரப் பெட்டி ஒன்று சுற்று முழுவதையும் விழுங்க முடியாது.

ஜிபானில் இது டி-காண்ட் (ஓஎன்யூவின் அப்லோடு ஒதுக்கீட்டுக் கணக்கு) வகைகளாக உங்கள் கையில் இருக்கிறது. டைப் 1 ஃபிக்ஸ்டு: பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அந்த இடம் அந்த வீட்டுக்கே. டைப் 2 உறுதி மட்டும். டைப் 3 ஒரு உறுதி, அதற்கு மேல் மிச்சம் இருந்தால் உச்சம் வரை. டைப் 4 உறுதியே இல்லை, மிச்சத்தில் கிடைப்பது. டைப் 5 எல்லாம் கலந்தது.

நான் பார்த்த பெட்டிகளில் வழக்கமாக இருப்பது எல்லாருக்கும் ஒரே டைப் 4, உச்சம் 1 ஜிபிபிஎஸ். வீடுகளுக்கு டைப் 3-தான் சரி. 50 பிளானுக்கு டிபிஏ ப்ரொஃபைல் திரையில் அஷ்யூர்டு 10240, மேக்ஸிமம் 61440 என்று போடுங்கள். அலகு கேபிபிஎஸ், 50 என்று மட்டும் அடித்துவிட்டு லைன் செத்துவிட்டது என்று கூப்பிடுபவர்கள் உண்டு. சில பெட்டிகள் 64-இன் மடங்கை மட்டும் ஏற்கும், மேலே சொன்ன இரண்டும் அப்படித்தான் இருக்கின்றன. 64 வீட்டுக்கு 10 வீதம் உறுதி 655 எம்பிபிஎஸ் ஆகும், 1244-க்குள் அடங்குகிறது. யாராவது உஷாராக இருப்பதாக நினைத்து டைப் 1-இல் ஆளுக்கு 20 போட்டால், கடைசியாகச் சேர்க்கும் ஓரிரு வீட்டுக்கு இடமே இருக்காது. பாதி ஊர் தூங்கினாலும் அந்த இடம் பூட்டியே கிடக்கும்.

50 பிளானுக்கு உச்சம் ஏன் 60 என்று கேட்டால், மெயின் ரவுட்டரில் 50-க்கு நல்ல க்யூ வைத்திருக்கிறோம் அல்லவா, அது வேலை செய்ய வேண்டும். ஓஎன்யூவுக்குள் இருப்பது வெறும் வரிசை, புத்தி கிடையாது. அங்கே முதலில் இடித்தால் எஃப்க்யூ-கோடெல் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். இதே காரணத்துக்காக ஓஎல்டியின் டவுன்லோடு டிராஃபிக் ப்ரொஃபைலையும் பிளானுக்குப் பத்து சதவீதம் மேலே வையுங்கள். தடுப்பு இரண்டு இடத்தில் இருந்தால் இறுக்கமானதுதான் ஜெயிக்கும்.

ஈபானில் இதே விஷயம் எல்எல்ஐடிக்கு (ஓஎன்யூவின் அடையாள எண்) எஸ்எல்ஏ என்ற பெயரில் இருக்கும், குறைந்தபட்சம் ஒன்று, உச்சம் ஒன்று.

அப்லோடில் மாட்டுபவர்கள் வீடுகளைவிட பட்டறைகள்தான். குமாரபாளையம் பக்கம் ஒரு தறிப் பட்டறை: பதினாறு கேமரா, ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ், எல்லாமே கிளவுடுக்கு. 32 எம்பிபிஎஸ் ராத்திரி பகல் மேலே போகப் பார்க்கிறது. பிளானில் அப்லோடு 30. முதலாளியின் புகார் என்னவோ டவுன்லோடு பற்றி: "பில் போடற பக்கமே தொறக்க மாட்டேங்குதுங்." டவுன்லோடு ஒவ்வொன்றுக்கும் வந்து சேர்ந்தது என்ற பதில் பாக்கெட் மேலே போக வேண்டும். மேலே போகும் வழி அடைத்தால் கீழே வருவதும் நின்றுவிடும். கேமராக்களை அசைவு இருந்தால் மட்டும் அனுப்பும்படி மாற்றி, பட்டறை ரவுட்டரில் அப்லோடை 27-க்கு வைத்து எஃப்க்யூ-கோடெல் போட்டால் அதே பிளானில் எல்லாம் ஓடும். பெரிய பிளானை விற்றிருக்கலாம்தான். ஆனால் இன்னும் நாலு கேமரா மாட்டினால் மறுபடி அதே புகார் வரும்.

மாதக் கணக்கும் ஆப் கட்டுப்பாடும்

மாதம் இத்தனை ஜிபி தாண்டினால் வேகத்தைக் குறைப்பது நெரிசலுக்கு மருந்தில்லை. விடிகாலை இரண்டு மணிக்கு 100 ஜிபி இறக்கியவரால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒன்பது மணிக்கு முட்டும்போது அவர் பங்கு மற்றவர் பங்கைத் தாண்டாமல் இருந்தால் போதும், அதை லிமிட்-அட் பார்த்துக்கொள்ளும்.

யூடியூபை மட்டும் குறைப்பது, ஒரு ஆப்பை மட்டும் வேகமாக விடுவது என்ற வழிகளைத் தொடவே தொடாதீர்கள். 2016 பிப்ரவரியில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணம் வைப்பதைத் தடுத்தது. 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை நெட் சமத்துவ விதிகளை ஏற்றுக்கொண்டது. நியாயமான நெரிசல் மேலாண்மைக்கு இடம் உண்டு. வீட்டுக்கு வீடு பிரிப்பவனுக்கு ஆப் பெயரே தெரிய வேண்டாம்.

சரியாக வேலை செய்கிறதா?

ஒரே பிளானில் நாலு வீடு, ராத்திரி ஒன்பதரைக்கு ஒரே நேரத்தில் ஸ்பீடு டெஸ்ட். 50, 50, 50, 10 வந்தால்? நெட்வொர்க் ஆராய்ச்சியாளர் ராஜ் ஜெயின் தன் சகாக்களோடு 1984-இல் கொடுத்த ஒரு கணக்கு இருக்கிறது: எண்களைக் கூட்டி வர்க்கம் எடுத்து, அதை வர்க்கங்களின் கூட்டுத்தொகையால், வீட்டு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 160-இன் வர்க்கம் 25,600, கீழே 4 தடவை 7,600, அதாவது 30,400, விடை 0.84. எல்லாரும் சமம் என்றால் 1. எனக்கு 0.95-க்குக் கீழே போனால் எங்கேயோ கோளாறு. எல்லாரும் முழுசாக இழுக்கும்போது மட்டும் இந்தக் கணக்கைப் போடுங்கள்; ஒருவர் வாட்ஸப் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எண் வீணாகக் குறையும்.

அந்த 10 வந்த வீட்டுக்கு க்யூவை நோண்டுவதற்கு முன் வெளிச்சத்தைப் பாருங்கள். பி பிளஸ் (ஜிபான் லேசர் மாட்யூலின் ஒரு தர வகை) வகுப்பில் ஓஎன்யூ மைனஸ் 27 டிபிஎம் வரை தாங்கும் என்று எழுதியிருக்கும், நான் மைனஸ் 25-லேயே ஆளை அனுப்பிவிடுவேன். ஒரு ஸ்பிளிட்டருக்குக் கீழே எல்லாருமே தடுமாறினால், தன் முறை வராமலே லேசரை எரியவிடும் கெட்டுப்போன ஓஎன்யூ ஒன்று இருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேகத்தைவிட முக்கியமான சோதனை பிங், அதாவது ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எத்தனை நேரம் என்று பார்ப்பது. ஒரு லேப்டாப்பில் பிங் ஓடட்டும், அதே வீட்டில் இன்னொன்றில் பெரிய டவுன்லோடு. 10 மில்லிசெகண்டில் இருந்தது 30, 40 ஆனால் பரவாயில்லை. 400-க்கு ஏறினால் க்யூ உங்கள் கையில் இல்லை, பேரண்டை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.

மாற்றங்களை செவ்வாய், புதன் மத்தியானம் செய்யுங்கள், கான்ஃபிகை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு பான் போர்ட். கிரிக்கெட் ஃபைனல் அன்றைக்கு வேண்டாம். அப்புறம் பேரண்ட் க்யூவின் கிராஃபை மாதம் ஒரு முறை பாருங்கள். வாரத்தில் பாதி நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் 950-இல் தட்டையாக நின்றால் கூடுதல் லைன் வாங்கும் நேரம் வந்துவிட்டது. எவ்வளவு வாங்குவது என்பதற்கு நெரிசல் இல்லாத நாளின் உச்சத்தை அப்போது லாகினில் இருந்த வீடுகளால் வகுங்கள்: 900 எம்பிபிஎஸ், 360 வீடு என்றால் வீட்டுக்கு 2.5. அடுத்த வருஷம் சேரப்போகும் வீடுகளை அதால் பெருக்கி, மேலே கால் பங்கு சேர்த்து, அந்தக் கிராஃபையும் கையில் எடுத்துக்கொண்டு லைன் கொடுப்பவரிடம் விலை பேசப் போங்கள். கேச் டிராஃபிக்கை (யூடியூப் போன்றவை லைன் கொடுப்பவர் பக்கத்திலேயே சேமித்து வைத்திருப்பதிலிருந்து வருவது) தனி வேகத்தில் தருவாரா என்றும் அதே பேச்சில் கேட்டுவிடுங்கள். தந்தால் அதற்குத் தனிப் பேரண்ட் போட வேண்டும்.